என் தோட்டத்துச் செலரி சாலட்டுக்கு மட்டுமே

லங்காஸ்டர் மாவட்டம், பென்சில்வேனியா
செப்டம்பர் மாதம், திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய வாரப் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஓடைக்கரை வட்டத்தில் குதிரைச் சேணம் தைக்கும் பெனுவல் லாண்ட்ஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் என் குதிரையும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தில் மை பூசிக்கொண்டு உழைப்பவர்களும் அவ்விதமே சுகமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் முதலில் வானிலை சொல்ல வேண்டும் என்பது முறை. ஆகவே சொல்கிறேன். மழை போதுமான அளவு. மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. போன ஞாயிறு ஆராதனையில் பெஞ்சு போதவில்லை, பிரசங்கம் போதும் போதும் என்று இருந்தது. முறை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் செலரி.

ஆகஸ்டு மாத இதழ் ஒன்றில், எங்கள் வட்டத்துச் செய்தி எழுதும் லிடியான் எஷ், பல் எடுத்துக்கொண்டவர்கள் பெயரையும் கன்று போட்ட பசுக்களின் விவரத்தையும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘பெனுவல் லாண்ட்ஸ் தோட்டத்தில் இந்த வருஷம் செலரி செழிப்பாக வந்திருக்கிறது. மூன்று நீள வரிசை. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.’ ஐயா, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று ஒருத்தி எழுதினால் அதைவிட அதிகமாக ஒருவரால் சொல்ல முடியுமா? அதைத் தாங்கள் அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். பக்கத்து மாநிலங்கள் வரைக்கும் போகிற பத்திரிகை.

நம் ஜனங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டத்தில் செலரி கூடுதலாக நட்டால் அந்த வீட்டில் நவம்பரில் கல்யாணம். பந்தியில் பாலாடை ஊற்றி வேகவைத்த செலரித் தண்டு, மேஜைக்கு மேஜை பூவுக்குப் பதிலாக ஜாடியில் நட்டுவைத்த செலரி, அத்தனைக்கும் வீட்டுத் தோட்டம்தான் கதி. பெண்ணைப் பெற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். அக்டோபர் கடைசியில் டீக்கன் சபையில் எழுந்து கல்யாண அறிவிப்பை வாசிக்கும்வரை ஊமை வேஷம்தான். தோட்டம் மட்டும் வேலியோரமாக நின்று போகிற வருகிற வண்டியையெல்லாம் நிறுத்திச் சொல்லிவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நட்டேன். எனக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் ஆண், நான்கு பேருக்கும் கல்யாணமாகி, நம் முறைப்படி தாடியும் வளர்ந்துவிட்டது. வீட்டில் கல்யாணம் ஆகவேண்டிய ஆள் யாராவது இருக்கிறார்களா என்று நன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் எடுத்தேன். ஒருவரும் இல்லை. மனைவியை அடக்கம் பண்ணி மூன்று வருஷமான நானும் அந்த வீட்டில் ஒரு ஆள் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குத் தோன்றிவிட்டது.

பின்னே எதற்காக நட்டாய் என்று தாங்கள் கேட்பீர்கள். மக்ரோனி சாலட்டுக்கு, ஐயா. அதை நான் மேற்படி பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பார்க்க விரும்புகிறேன். ஆனால் அதற்குமுன் என் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பண்ணையைக் கடைசி மகன் ஐவனிடம் கொடுத்துவிட்டு, நானும் என் ஆனியும் பெரிய வீட்டை ஒட்டிய சின்ன வீட்டுக்கு வந்தோம். அதில் ஒரு சமையலறை, ஒரு விறகடுப்பு. ஆனி போன பிறகு நான் அந்த அடுப்பில் காப்பி போடுவேன், முட்டை பொரிப்பேன், சில நாள் ஒன்றும் வைக்காமல் வெறுமனே விறகு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது வெடித்து முணுமுணுத்துக்கொண்டு எரியும்போது வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. அந்தப் பாழாய்ப்போன காப்பிச் சட்டியைப் போன பனிக்காலத்தில் ஒருநாள் அடுப்பிலேயே மறந்துவிட்டுச் சேணம் தைக்கப் போய்விட்டேன். சட்டி கரியாகி, சுவர் கறுத்து, புகையைப் பார்த்து ஐவன் பனியில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. என் மருமகள் சேடி நல்ல பெண். கெட்ட பெண்ணாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நல்ல பெண்ணிடம் என்ன செய்வது?

“மாமா, நீங்க மூணு வேளையும் எங்களோடவே சாப்பிடுங்க. அந்த அடுப்பை எடுத்துட்டா உங்களுக்கும் இடம் தாராளமா இருக்கும்.”

“எனக்கு இடம் தாராளமா வேண்டாம்மா. அடுப்புதான் வேணும்.”

“அடுப்பு வச்சு என்ன மாமா பண்ணப்போறீங்க? உங்களுக்குத்தான் சமைக்கத் தெரியாதே!”

“யார் சொன்னது?” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. “ஆகஸ்டுல நம்ம குடும்பக் கூடல் வருதில்ல, அதுக்கு ஆனி கொண்டுவருவாளே மக்ரோனி சாலட்டு, அதை இந்த வருஷம் நான் செஞ்சு கொண்டுவரேன் பாரு.”

ஐவன் சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடெல்லாம் திரும்பிப் பார்த்தது. “அப்பா, நீங்க கொண்டுவர கிண்ணம் காலியாத் திரும்பினா அடுப்பு உங்களுக்கு. மிச்சம் கிடந்தா அடுப்பைக் கழட்டிடலாம். சரியா?” பந்தயம் கட்டுவது நம் ஜனங்களுக்கு ஆகாது. ஆகவே இதை ஒப்பந்தம் என்றே எழுதுகிறேன்.

சாலட்டில் செலரி நிறையப் போட்டால்தான் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். ஆனியின் சாலட்டில் அதுதான் விசேஷம் என்று என் பல்லுக்கு நினைவிருந்தது. செலரி நாற்று வாங்க மே மாதம் மலிண்டா சூக் கடைக்குப் போனேன். மலிண்டா கல்யாணமாகாதவள். முன்னே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது சாலை முக்கில் மாவு, சர்க்கரை, மக்ரோனி எல்லாம் மூட்டை பிரித்து எடைபோட்டு விற்கிறாள். வசந்த காலத்தில் நாற்றும் உண்டு. எனக்குக் கொஞ்சம் நாற்று போதும். அவளோ, சீசன் முடிகிறது, மிச்சத்தை எல்லாம் குப்பையில்தான் கொட்ட வேண்டும் என்று தட்டுத் தட்டாக ஓரத்தில் வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிற நாற்றைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா வர முடியாது. அள்ளி வண்டியில் ஏற்றினேன். “இத்தனையும் எதுக்கு பெனுவல்?” என்றாள். “சாலட்டுக்கு” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. மூன்று வரிசை வந்த கதை இவ்வளவுதான்.

இனி சாலட். ஆனி எதையும் எழுதிவைக்கிறவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ருசி மட்டும். மக்ரோனி, அவித்த முட்டை, செலரி, வெங்காயம், கொஞ்சம் காரட்டு, மேலே ஊற்றும் மஞ்சள் குழம்பில் மயோனைஸ், கடுகு விழுது, வினிகர், சர்க்கரை. இதில் என்ன இருக்கிறது, சேணம் தைக்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்று ஜூலையில் இறங்கினேன். முதல் தடவை மக்ரோனி வேகட்டும் என்று விட்டுவிட்டுத் தபால்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் சட்டியில் பசை. தோல் ஒட்டுகிற பசையைவிட நல்ல பசை. கோழிகளுக்குப் போட்டேன், ஒரு கோழிக்கு அன்று முழுக்க அலகு திறக்கவில்லை. இரண்டாம் தடவை சரியாக வேகவைத்து, ஆறப்போடாமல் சூட்டோடு சூடாகக் குழம்பை ஊற்றினேன். மயோனைஸ் பிரிந்து எண்ணெயாக மிதந்தது. பன்றிக்குப் போனது. அடுத்த தடவை பச்சைத் தண்ணீரில் அலசி, ஆறவைத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்து, ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்தேன். காலையில் திறந்தால் குழம்பைக் காணவில்லை! மக்ரோனி அத்தனையையும் குடித்துவிட்டு வீங்கிப்போய் வறட்டியாக உட்கார்ந்திருந்தது. அதற்கும் அடுத்த தடவை செலரியைப் பொடிப்பொடியாக நறுக்க வீட்டுக் கத்தி மழுங்கலாக இருக்கிறதே என்று, பட்டறையில் சேணத்தோல் வெட்டுகிற பிறைக்கத்தியை எடுத்துவந்து நறுக்கினேன். நறுக்கல் என்றால் நறுக்கல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வாயில் வைத்தால் குதிரை வாசம். பன்றியே முகர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒவ்வொரு தடவையும் மக்ரோனி தீரும். மக்ரோனி தீர்ந்தால் கடைக்குப் போக வேண்டும். கடை மலிண்டாவுடையது. இதில் என் குற்றம் என்ன? எங்கள் வட்டத்தில் மக்ரோனி விற்கிற கடை அது ஒன்றுதான். ஆறிப்போன மக்ரோனியின் மேல்தான் ஊற்ற வேண்டும், குழம்பு தளரத் தளர இருக்க வேண்டும், ராத்திரி பாதியை மக்ரோனி குடிக்கவிட்டு மிச்சத்தைக் காலையில் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கேட்காமல் எப்படித் தெரியும்? செய்ததை ஒரு ஜாடியில் போட்டுக் கொண்டுபோய் ருசி பார்க்கவும் கொடுத்தேன். அதுவும் முறைதானே? அவள் ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பாள்.

“சர்க்கரை ஜாஸ்தி, பெனுவல்.”

“ஆனி இவ்வளவுதான் போடுவா.”

“போட்டிருப்பாங்க. இருந்தாலும் ஜாஸ்தி. நான் பொறந்த வட்டத்துல இதுல பாதிதான்.”

“அதான் உங்க வட்டத்துல யாரும் சிரிக்கிறதே இல்ல.”

“நான் சிரிக்கிறேனே!” என்று சிரிப்பாள். அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. சர்க்கரையில் ஒரு கரண்டிகூட நான் குறைக்கவில்லை என்பதை மட்டும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடை வாசலில் என் குதிரை கட்டியிருந்ததை லிடியான் பார்த்திருக்கிறாள். செலரியையும் பார்த்திருக்கிறாள். இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தங்களுக்கு எழுதிவிட்டாள். பத்திரிகை வந்த வாரத்திலிருந்து என் பிழைப்பு நாறிப்போச்சு, ஐயா. ஆராதனைக்கு வீடு வீடாகப் பெஞ்சு ஏற்றிப்போகும் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, “பெனுவல் அண்ணே, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். செவ்வாயா, வியாழனா?” என்கிறான். நம் கல்யாணம் செவ்வாயிலோ வியாழனிலோதான் நடக்கும், அது சரி. எனக்கு எதற்குச் செவ்வாயும் வியாழனும்? கோழிப்பண்ணைக்காரர் வந்தார். எத்தனை பந்தி, எத்தனை கோழி வறுக்க வேண்டும், இப்போதே சொன்னால் கொழுக்கவைக்க வசதி என்றார். கடைசியில், “செவ்வாயா, வியாழனா?” பல் வைத்தியரிடம் போனால் அவர் இங்கிலீஷ்காரர், நம் சபையே இல்லை. வாயில் இரண்டு கருவியைத் திணித்துவிட்டு, நான் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து அவரும் அதையே கேட்கிறார்! லிடியானை வேலியோரம் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

“ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“நான் பொய்யா எழுதினேன் அண்ணே? செலரி இருக்கா இல்லையா?”

“இருக்கு. சாலட்டுக்கு.”

“மூணு வரிசையுமா?” என்றாள். சொல்லிவிட்டு என் தோட்டத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. “மூணு வரிசைக்கு சாலட்டு போட்டா பிலடெல்பியா முழுக்க உக்காந்து சாப்பிடலாம் அண்ணே.”

குடும்பக் கூடல் ஆகஸ்டு கடைசிச் சனிக்கிழமை, ஐவன் பண்ணையில் வாதுமை மரத்தடியில். வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து, கிண்ணத்தின் அடியில் ஒட்டுத்துண்டில் பெயர் எழுதி, நீள மேஜையில் வைப்பார்கள். நான் முந்தின நாளே மக்ரோனி வேகவைத்து, அலசி, ஆற்றி, முட்டை அவித்து, வீட்டுக் கத்தியைச் சாணை பிடித்து, செலரியும் வெங்காயமும் நறுக்கி, குழம்பைத் தளர்வாகக் கலந்து, பாதியை ஊற்றி, பாதியைக் காலைக்கு எடுத்துவைத்தேன். ஆனியின் பெரிய பீங்கான் கிண்ணம் நிறைய. காலையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். அப்படியே அவள் செய்ததுதான். என் கையால் அது வரும் என்று நானே நம்பியிருக்கவில்லை.

ஜெபம் முடிந்து தலை நிமிர்ந்ததும் என் கண் கிண்ணத்தின் மேல்தான். முதலில் ஒரு பையன் மலைபோல் அள்ளினான். அப்புறம் பெண்கள். அப்புறம் வறுத்த கோழியை விட்டுவிட்டு ஆண்கள் இரண்டாம் தடவை வந்தார்கள். கடைசியில் என் அண்ணன் மகன் ஒருத்தன் ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தே தின்றுவிட்டான். துடைத்த கிண்ணம், ஐயா! வென்றுவிட்டேன் என்று எழுந்திருக்கிறேன், என் பின்னால் ஒரு கிழவி சொல்கிறாள்: “என்ன இருந்தாலும் மலிண்டா கைப்பக்குவமே தனி.” அந்தப் பக்கம் இன்னொருத்தி: “இப்பவே இப்படி செஞ்சு அனுப்புறாளே, கல்யாணத்துக்கப்புறம் பெனுவலுக்கு என்ன குறை?” மலிண்டா அங்கே வரவே இல்லை. எங்கள் குடும்பமும் இல்லை. கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன், அடியில் என் பெயர்தான் இருந்தது. “ஆமா, உங்களுக்குன்னு செஞ்சு குடுத்தது, உங்க பேருதானே இருக்கும்” என்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டேன். “நான் செஞ்சேன்! இந்தக் கையால நான்தான் செஞ்சேன்! மக்ரோனி நான் வேகவச்சேன், முட்டை நான் உரிச்சேன், இந்த மாவட்டத்துலயே இதுமாதிரி சாலட்டு கிடையாது!” என்று கத்தினேன். கூட்டத்தில் ஒருத்தன், “பாருய்யா, இப்பவே அவளை விட்டுக்குடுக்காம மறைக்கிறாரு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஐவன் வந்து என்னை இறக்கிவிட்டான். “அப்பா, கிண்ணம் காலி. ஒத்துக்கிறேன். ஆனா செஞ்ச கை யாருதுன்னு ஊரே சொல்லுதே. ஒப்பந்தம் உங்க கைக்குத்தானே?” அவன் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. சேடி அடுப்பைக் கழற்ற ஆள் பார்த்திருப்பதாக மெல்லச் சொன்னாள். அன்று சாயங்காலம் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தேன். விறகு போட மனம் வரவில்லை.

கதை இதோடு முடிந்ததா? முடியவில்லை. புதன்கிழமை டீக்கன் ஆரோன் கறுப்புத் தொப்பியோடு வந்து இறங்கினார். வெந்த புண்ணில் வேல். நான் விடாப்பிடியாக இன்னொரு கிண்ணம் சாலட்டு செய்து வைத்திருந்தேன். சேடி வந்து ருசி பார்த்து நம்பட்டும் என்று. டீக்கன் மேஜையில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சகோதரா, பெஞ்சு மேல ஏறி நின்னு, உன்னை மாதிரி யாரும் சாலட்டு செய்ய முடியாதுன்னு சொன்னியாமே. நம்ம ஜனத்துக்கு இந்தப் பெருமை ஆகுமா?”

“ஆகாது. ஆனா நான் செஞ்சேன்.”

“தாழ்மையாச் சொல்லக் கூடாதா?”

“தாழ்மையா நான் செஞ்சேன்.”

“பெனுவல்!”

“நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன், டீக்கன். செய்யாததைச் செஞ்சேன்னா பெருமை. செஞ்சதைச் செய்யலேன்னா பொய். நான் எந்தப் பாவத்தைப் பண்ணட்டும்னு நீங்களே சொல்லுங்க.”

டீக்கன் யோசிப்பதற்காக ஒரு கரண்டி சாலட்டு எடுத்து வாயில் வைத்தார். யோசனை நீண்டுகொண்டே போனதால் ஒரு தட்டும் கேட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம். மலிண்டா. தலைக்குல்லாய் நாடா அவிழ்ந்து பறக்கிறது, முகம் பீட்ரூட்டு. காப்பி கொண்டுவந்த சேடி கதவோரமே நின்றுவிட்டாள்.

“பெனுவல் லாண்ட்ஸ்! கடைக்கு வரவங்க எல்லாம், உன் சாலட்டு பிரமாதம்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க. அந்தச் சர்க்கரைக் கூழை நான் செஞ்சதா யார் சொன்னது?”

“நான் சொல்லல. ஊர் சொல்லுது.”

“அது சாலட்டா? ஜாம்! ரொட்டியில தடவுற ஜாம்! நான் இத்தனை வருஷமா சாலட்டு செய்யறேன், அப்படி ஒண்ணை என் பேருல சொன்னா எனக்குத் தலைகுனிவு. டீக்கன், நீங்களே சாட்சி. இவர் மக்ரோனி வாங்கினதும் என் கடையில, சர்க்கரை வாங்கினதும் என் கடையில. குறைங்க குறைங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா? அவ்வளவையும் கொட்டிச் செஞ்சது இந்த மனுஷன்தான். இவர் கைதான். இவர் பிடிவாதம்தான்!”

சேடி காப்பியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “மாமா, நெசமாவே நீங்களா செஞ்சீங்க?” கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அத்தை செஞ்ச மாதிரியே இருக்கு” என்றாள். அடுப்பைக் கழற்ற வருகிறவனுக்கு வரவேண்டாம் என்று அன்றே சொல்லி அனுப்பிவிட்டாள். ஒருத்தி என்னைத் திட்டித் திட்டியே என் அடுப்பைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாள். டீக்கன் தட்டைக் காலி பண்ணிவிட்டு, இதில் பெருமை எது உண்மை எது என்பதை பிஷப்பிடம்தான் கேட்க வேண்டும் என்று எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, மலிண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “செவ்வாயா, வியாழனா?” என்றார். டீக்கனே இப்படி இருந்தால் சபை உருப்படுமா?

ஆகையால், ஆசிரியர் ஐயா, தாங்கள் கீழ்க்கண்டதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சிட வேண்டும். பெனுவல் லாண்ட்ஸ் செலரி நட்டது மக்ரோனி சாலட்டுக்கு. சாலட்டைச் செய்தது அவரே. சர்க்கரை சரியான அளவுதான். அவருக்கு மறுமணம் என்ற நினைப்பே கிடையாது, இருந்ததும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. மலிண்டா சூக் நல்லவள், நேர்மையானவள், எடையில் ஒரு மணி குறைக்கமாட்டாள், அவள் கோபப்படும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை அச்சிட வேண்டியதில்லை. லிடியான் எஷ் இனி என் தோட்டத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தால் முள்ளங்கியோடு நிறுத்திக்கொள்ளட்டும். அச்சிட மறுத்தால் நான் தங்கள் பத்திரிகையை நிறுத்திவிடுவேன். பக்கத்து வீட்டில் வாங்கிப் படிப்பேன், ஆனால் சந்தோஷமில்லாமல் படிப்பேன்.

கர்த்தருடைய சமாதானம் தங்கள் இல்லத்திலும் அச்சு யந்திரத்திலும் தங்குவதாக. தங்கள் பிள்ளைகள் நீடூழி வாழ்க, தங்கள் வெள்ளரிக்காய் கசக்காதிருக்க. அம்மையாருக்கு என் வந்தனம்.

இப்படிக்கு,
எதையும் வாபஸ் வாங்காத,
பெனுவல் லாண்ட்ஸ்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை உடனே தபாலில் சேர்க்க முடியவில்லை. திங்களன்றே கிளம்பினேன், வழியில் வினிகர் தீர்ந்துபோனது நினைவுக்கு வந்து கடையில் வண்டியை நிறுத்தினேன். கையில் என்ன இவ்வளவு கனமான உறை என்று மலிண்டா கேட்டாள். மறைக்க என்ன இருக்கிறது என்று முழுவதையும் படித்துக் காட்டினேன். பிறைக்கத்தி வந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுமணம் என்ற நினைப்பே கிடையாது என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தராசைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தராசு. “அப்படின்னா சரி. அந்த மூணு வரிசையை என்ன பண்ணப்போறீங்க? எல்லாத்தையும் சாலட்டாவே தின்னு தீர்த்துடுவீங்களா?” என்றாள். உயிரோடு இருக்கிற செலரியை வீணாக்குவது என் சுபாவமே இல்லை என்பது தாங்கள் மேலே படித்ததுதான். அதைத்தான் அவளிடம் சொன்னேன். வேறு என்னென்னவோகூடச் சொன்னேன். அவளும் சொன்னாள். வினிகர் வாங்க மறந்தே போய்விட்டது.

ஆகையால் மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம், ஐயா. டீக்கன் சபையில் வாசிக்கும்வரை தாங்களும் மூச்சு விடக்கூடாது. முக்கியமாக லிடியானுக்குத் தெரியக் கூடாது. அவள் எழுதியது சரிதான் என்று நான் சாகும்வரை ஒப்புக்கொள்ளப் போவதில்லை, ஏனென்றால் அவள் எழுதின அன்றைக்கு அது தவறு. அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மலிண்டா தன் அடுப்பையும் கொண்டுவருகிறாள். அடுத்த வருஷக் கூடலுக்கு இரண்டு கிண்ணம் போகும். யாருடைய கிண்ணம் முதலில் காலியாகிறது என்று பார்த்துவிடலாம். சர்க்கரையில் நான் இன்னும் ஒரு கரண்டிகூட இறங்கிவரவில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். ஜூலையிலிருந்து சாலட்டு செய்து செய்து ஒரு வரிசைக்கு மேல் காலி. மலிண்டா பந்திக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், இருக்கிற செலரி பத்தாது. தங்கள் வாசகர்கள் யாரிடமாவது கூடுதலாக இருந்தால், எங்கள் பெயர் சொல்லாமல், நவம்பரில் எடுத்துக்கொள்ள ஆள் உண்டு என்று ஒரு மூலையில் போடுங்கள்.

வியாழன்.

பெ. லா.